வலிப்பது வயிற்றுத் தசையா, வயிற்றுக்கு உள்ளேயா? கண்டுபிடிக்கும் வழி

ரொம்ப நாள் இடைவெளிக்கு அப்புறம் ஆர்வக்கோளாறில் ஒரே மூச்சாக ஐம்பது சிட்-அப் எடுத்தேன். அன்று இரவு ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் காலையில்தான் வினை. நேராக எழ முடியாமல், பக்கவாட்டில் உருண்டு, கையை ஊன்றி எழுந்தேன். தும்மல் வந்தாலே பயம். குடலில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். சிட்-அப் நினைவுக்கே வரவில்லை.

படி 1: வலி எங்கே என்று பாருங்கள்

மல்லாந்து படுங்கள். அதிகம் வலிக்கும் இடத்தை விரலால் மெதுவாக அழுத்துங்கள். விரலை எடுக்காமல், தலையையும் தோளையும் மட்டும் தரையிலிருந்து தூக்குங்கள். வயிறு பலகை போல இறுகும். இப்போது வலி கூடினாலோ அப்படியே இருந்தாலோ, அது பெரும்பாலும் வயிற்றுச் சுவரில், அதாவது தசையிலோ அங்குள்ள நரம்பிலோ இருக்கிறது. குறைந்தால் உள்ளுறுப்பைச் சந்தேகிக்க வேண்டும். இறுகிய தசை கேடயம் போல நின்று விரலின் அழுத்தத்தை உள்ளே விடாது. 1926இல் கார்னெட் என்ற அறுவை மருத்துவர் சொன்ன சோதனை இது. எப்போதும் சரியாக வரும் என்று சொல்ல முடியாது, ஆனால் நல்ல தொடக்கம்.

படி 2: இரண்டு மூன்று நாள் பின்னால் போங்கள்

பழக்கமில்லாத பயிற்சியின் வலி உடனே வராது. 12 முதல் 24 மணி நேரத்தில் தலைகாட்டி, ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்துக்குள் அடங்கும். அதனால் "இன்றைக்கு என்ன செய்தேன்" என்று யோசித்தால் விடை கிடைக்காது. லாக்டிக் அமிலம் தேங்கியதால் வலி என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். அது பயிற்சி முடிந்து ஓரிரு மணி நேரத்திலேயே வடிந்துவிடும். உண்மையான காரணம் தசை நார்களில் விழும் நுண்ணிய சேதம். சிட்-அப்பில் மேலே வருவதைவிட, மெல்லக் கீழே இறங்கும்போதுதான் அது அதிகம்.

பயிற்சியே செய்யவில்லையா? இருமலை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு இருமலுக்கும் வயிற்றுத் தசை வெடுக்கென்று சுருங்குகிறது. நாலு நாள் விடாமல் இருமினால் அதுவே பெரிய பயிற்சி. தொடர் வாந்தி, பாரம் தூக்கியது, விழுந்து விழுந்து சிரித்தது எல்லாம் இதே கணக்குதான்.

படி 3: எப்படித் தொடங்கியது?

உடம்பைத் திருப்பும்போதோ தூக்கும்போதோ ஒரு நொடியில் 'சுருக்'கென்று பிடித்தால், அது தசை கிழிந்த காயமாக இருக்கலாம். வேகப்பந்து வீச்சாளர்களுக்கு விலாப் பக்கம் வருவது இந்த வகைதான். முதல் ஓரிரு நாள் துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம், கொஞ்சம் ஓய்வு. பயிற்சி வலிக்கு வெந்நீர் ஒத்தடமும் மெதுவான நடையும் இதமாக இருக்கும். இருமும்போது ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளுங்கள், வித்தியாசம் தெரியும்.

படி 4: தசை வலி போல நடிப்பவை

இருமினால் புடைத்து, படுத்தால் உள்ளே போகும் வீக்கம் என்றால் குடலிறக்கம். ஒரே பக்கம் எரிச்சலாக வலித்து, சில நாளில் அங்கே கொப்புளம் வந்தால் அக்கி.

படி 5: யோசிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டியவை

காய்ச்சல், நிற்காத வாந்தி, தளராமல் கல் போல இறுகிய வயிறு. தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலது கீழ்ப்பக்கம் நகரும் வலி. குடல்வால் அழற்சி பல சமயம் இப்படித்தான் வரும். கடும் பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் கறுந்தேநீர் நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கு, இருமலுக்குப் பிறகு வயிற்றில் திடீரென்று வலியோடு கட்டி தெரிந்தால் தசைக்குள் ரத்தக்கசிவாக இருக்கலாம்.

எனக்கு ஐந்தாம் நாள் வலி விட்டது. அடுத்த முறை பத்தோடு நிறுத்திக்கொண்டேன்.