மொரீசியஸில் வீடும் வைஃபையும்: புதிதாக வருபவர்களுக்கு

எபேனில் வேலை கிடைத்து, காட்ர் போர்னிலோ ரோஸ் ஹில்லிலோ வாடகை வீடு பிடித்துக் குடியேறிய முதல் மாதமே நம்மவர்கள் சொல்லும் புகார் ஒன்று உண்டு: "இங்கே நெட் சரியில்லை." நானும் சொன்னவன்தான். முன்னறையில் வீடியோ தங்குதடையின்றி ஓடும். பின்பக்கப் படுக்கையறைக்குள் நுழைந்ததும் அம்மாவின் முகம் வாய் திறந்தபடி உறைந்துவிடும். மாடிப்படியில் உட்கார்ந்தே இரண்டு மாதம் ஊருக்குப் பேசினேன். இணைப்பு கொடுத்தவர்களோடு சண்டை போட்டேன். கூடுதல் வேகத் திட்டத்துக்கு மாறிப் பணமும் கட்டினேன். பின்னறையில் ஒன்றும் மாறவில்லை.

தவறு சுவரில் இருந்தது. 1960 ஜனவரியில் அலிக்ஸ், பிப்ரவரிக் கடைசியில் கரோல் என்று அடுத்தடுத்து வந்த இரண்டு புயல்கள் மர வீடுகளையும் தகர வீடுகளையும் வாரிக்கொண்டு போயின. அதன் பிறகு தீவே கான்கிரீட்டுக்கு மாறியது. கம்பி கட்டி வார்த்த கூரைத் தளத்தை, இங்கே பேசும் கிரியோல் மொழியில் 'தால்' என்பார்கள். நம் பருப்பு அல்ல. புயலுக்கு அசையாத அந்தத் தாலும் கான்கிரீட் சுவரும் வைஃபை அலையையும் லேசில் விடுவதில்லை.

ஆகவே யாரையும் திட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். லேப்டாப்பை லேன் கேபிளால் ரவுட்டரில் நேராகச் செருகி வேகத்தைப் பாருங்கள். அங்கே நன்றாக இருந்தால் கோளாறு வீட்டுக்குள் இருக்கிறது. அங்கேயும் இழுத்தால், அல்லது வெளியிலிருந்து வரும் கம்பி சேரும் ஃபைபர் பெட்டியில், சிக்னல் வரவில்லை என்று காட்டும் எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக மின்னினால், கோளாறு வெளியே. நிறுவனத்தைக் கூப்பிட்டதும் அந்தச் சிவப்பு விளக்கைத்தான் முதலில் சொல்ல வேண்டும். சோபாவை நகர்த்தும்போது மெல்லிய ஃபைபர் கம்பி மடங்கிப்போனாலும் அதே விளக்கு எரியும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரவுட்டரை டிவிக்குப் பின்னாலும் ஃபிரிட்ஜின் தலையிலும் வைக்காதீர்கள். வீட்டின் நடுவில், தோளுயரத்தில், கதவுகள் திறக்கும் நடைவழியில் வையுங்கள். அலை சுவரைத் துளைப்பதைவிடக் கதவு வழியாகச் சுலபமாக வரும். வைஃபை பொதுவாக இரண்டு அலைவரிசைகளில் வரும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் ஒரு கான்கிரீட் சுவருக்கே சோர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வேகம் குறைந்தது, சற்றுத் தாக்குப்பிடிக்கும். மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது மட்டும் தடுமாறும். அடுக்குமாடியில் அக்கம்பக்கத்து வைஃபை மோதினால், ரவுட்டர் அமைப்பில் 2.4இன் சேனலை 1, 6, 11 இவற்றுள் ஒன்றுக்கு மாற்றிப் பாருங்கள்.

எனக்குக் கைகொடுத்தது இவற்றில் எதுவும் இல்லை, ஒரு நீளமான லேன் கேபிள். சுவரோரமாகப் பின்னறை வரை இழுத்து, அங்கே பழைய ரவுட்டர் ஒன்றை அக்சஸ் பாயின்டாக, அதாவது கேபிளில் வருவதை அந்த அறையில் வைஃபையாகப் பரப்பும் கருவியாக வைத்தேன். கடையில் ரிப்பீட்டரை வாங்கச் சொல்வார்கள். அதைச் சிக்னல் செத்த அறையிலேயே செருகினால் எதைத்தான் திரும்ப அனுப்பும்? பாதி வழியில் வைக்க இடமிருந்தால் மட்டும் வாங்குங்கள். சுவரில் துளை போட வீட்டுக்காரரிடம் முதலில் கேளுங்கள். அவருக்குத் தமிழ்ப் பெயர் இருக்கலாம், காவடியும் எடுக்கலாம். பேச்சு மட்டும் பெரும்பாலும் கிரியோல், ஆதலால் சுவரைக் கைகாட்டிப் பேசுவது நல்லது. ஊரிலிருந்து ரவுட்டர் கொண்டுவருபவர்களுக்கு மின்னழுத்தம் ஒத்துப்போகும், பிளக் ஒத்துப்போகாமல் போகலாம், அடாப்டர் வேண்டியிருக்கும்.

நவம்பர் முதல் புயல் காலம். எச்சரிக்கை உயர்ந்ததும் ரவுட்டரின் பிளக்கைக் கழற்றுங்கள், பவர்பேங்கை நிரப்புங்கள், கைப்பேசியில் கொஞ்சம் டேட்டா மிச்சம் வையுங்கள். மின்சாரம் போனால் ஃபைபர் பெட்டியும் அணைந்துவிடும்.

இன்னும் வீடு பார்க்காதவர்கள் ஒன்று செய்யலாம். முன்பணம் கொடுப்பதற்கு முன் கடைசிப் படுக்கையறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, ஊருக்கு ஒரு வீடியோ அழைப்பு போடுங்கள். இங்கே மாலை ஆறு என்றால் அங்கே ஏழரை, அம்மா விழித்துத்தான் இருப்பார்.