வலி வரவழைக்கப் போகும் வீட்டில் நடக்கும் தவறுகள்

"நாளைக்குக் காலைல வந்து அட்மிட் ஆகிடுங்க, ஜெல் வச்சுப் பார்ப்போம்" என்று டாக்டர் சொன்ன அன்று இரவு எங்கள் வீட்டில் ஒருவரும் தூங்கவில்லை. மறுநாள் மத்தியானத்துக்குள் குழந்தை கைக்கு வந்துவிடும் என்று ஆளாளுக்குக் கணக்குப் போட்டுவிட்டார்கள். பாபநாசத்திலிருந்து கிளம்பிய காரில் பழைய வேட்டித் துணி, பிளாஸ்க், கருப்பட்டி, அத்தை, பெரியம்மா எல்லாம் ஏறியாயிற்று. குழந்தை பிறந்ததோ மூன்றாம் நாள் விடியற்காலை. நடுவில் இருந்த இரண்டு ராத்திரியும் "இன்னுமா ஆகலை?" என்ற போன் ஓயவே இல்லை.

அந்த இரண்டு நாளில் நாங்கள் செய்த தவறுகளையும், பிற்பாடு என் நாத்தனாரும் ஓரகத்தியும் தெருவில் உள்ள அக்காக்களும் சொன்னவற்றையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. ஆனால் இதெல்லாம் முன்பே தெரிந்திருந்தால் பாதி அழுகை மிச்சமாகியிருக்கும்.

முதல் தவறு, வலி வரவழைப்பதை ஸ்விட்ச் போடுவதுபோல நினைப்பது. இதில் இரண்டு கட்டம் உண்டு. முதலில் கர்ப்பப்பை வாய் பழுக்க வேண்டும், அப்புறம்தான் வலி. பழுக்காத வாய் தொட்டால் மூக்கு நுனி மாதிரி கெட்டியாக இருக்கும், பழுத்தது உதடு மாதிரி மெத்தென்று இருக்கும் என்று எனக்கு ஒரு நர்ஸ் அக்கா சொன்னார். உள்ளே பரிசோதித்து இதற்கு மதிப்பெண்ணே போடுகிறார்கள். பிஷப் ஸ்கோர் என்று பெயர், 1964-இல் எட்வர்டு பிஷப் என்ற மருத்துவர் வகுத்தது. வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு மெலிந்திருக்கிறது, மென்மையா கெட்டியா, முன்பக்கம் இருக்கிறதா பின்பக்கமா, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்ற ஐந்தையும் பார்த்து 13-க்கு இத்தனை என்று போடுவார்கள். 6 அல்லது அதற்குக் கீழே என்றால் முதலில் பழுக்க வைக்கும் வேலை பாக்கி இருக்கிறது. 8-க்கு மேல் என்றால் வாய் தயார்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது ஒன்றும் கஷ்டமில்லை. ஜூன் 12-ஆம் தேதி மேட்டூரைத் திறந்தால் அன்று சாயங்காலமே கடைமடையில் நாற்று விட முடியுமா? தண்ணீர் கல்லணைக்கு வந்து, ஆறு பிரிந்து, வாய்க்கால் பிரிந்து வர நாள் ஆகும். முதல் பிரசவம், வாயும் பழுக்கவில்லை என்றால் ஒரு நாள், இரண்டு நாள் ஆவது சகஜம். என் ஸ்கோர் 3. அந்த எண்ணை யாராவது கேட்டு வைத்திருந்தால் பெரியம்மாவை அன்றே காரில் ஏற்றியிருக்க மாட்டோம். அட்மிட் ஆகும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் நாலைந்துதான்: ஏன் இப்போது, காத்திருந்தால் என்ன ஆகும், வாய் எப்படி இருக்கிறது, எந்த முறை, அது பலிக்காவிட்டால் அடுத்து என்ன. கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்ற பயம் வேண்டாம்.

எனக்கு வைத்தது வாயைப் பழுக்க வைக்கும் டினோப்ரோஸ்டோன் ஜெல். 0.5 மில்லிகிராம், சிரிஞ்சில் வரும், கர்ப்பப்பை வாய்க்குள் வைப்பார்கள். வைத்தபின் சிறிது நேரம் எழுந்திருக்கக் கூடாது. ஆறு மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது, 24 மணி நேரத்தில் மூன்றுக்கு மேல் வைப்பதில்லை. முதல் ஜெல் வைத்து இரண்டு மணி நேரத்தில் எனக்கு அடிவயிற்றில் சுண்டி இழுத்தது, மாதவிடாய் வலி மாதிரி. உடனே அம்மா "வலி வந்துடுச்சு" என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார். அது வாய் பழுக்கும்போது வரும் பிடிப்பு. பிரசவ வலி சீராக வரும், போகப்போக நெருங்கும், ஒவ்வொன்றும் நீளும். ஒரு விரல், இரண்டு விரல் என்று நாம் எண்ணிக்கொண்டிருப்பதெல்லாம் தொடக்கம்தான். உலக சுகாதார நிறுவனம் 5 செண்டிமீட்டர் திறந்தபின்தான் பிரசவம் வேகமெடுக்கும் கட்டம் என்கிறது. முழுத் திறப்பு 10.

இந்தப் புரியாமையால் வந்த தொல்லைதான் எனக்குப் பெரிது. வலி வந்துவிட்டது என்று நினைத்து முதல் நாள் முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லை. சுகப்பிரசவம் ஆகட்டும் என்று ராத்திரி பன்னிரண்டு மணிவரை அத்தை என்னை வராந்தாவில் நடக்க விட்டார். மூன்றாம் நாள் முக்க வேண்டிய நேரத்தில் உடம்பில் தெம்பே இல்லை. ஜெல் கட்டத்தில் சாப்பிடத் தடை இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் இட்லி, கஞ்சி, மோர், இளநீர் சாப்பிடச் சொல்வார்கள். சர்க்கரை இருந்தால் இளநீரைக் கேட்டுக்கொண்டு குடியுங்கள். தூக்கம் வந்தால் தூங்குங்கள். நடப்பது நல்லதுதான், ஆனால் திருவிழா மாதிரி சுற்றி வர வேண்டாம்.

ஜெல் வைத்த கையோடு "வீடு பக்கம்தானே, வலி வந்ததும் வரோம்" என்று கிளம்பியவர்கள் கதையும் கேட்டிருக்கிறேன். வைத்தபின் குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்க்க வேண்டும், வலி அளவுக்கு மீறுகிறதா என்று பார்க்க வேண்டும். வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் ஐப்பசி அடைமழையில் திரும்பி வர முடியுமா என்பதையும் யோசிக்க வேண்டும்.

ஓரகத்திக்கு பலூன் போட்டார்கள். சிறுநீருக்கு வைக்கும் அதே ஃபோலி குழாய்தான், வாய்க்குள் செலுத்தி நுனியில் நீர் நிரப்புவார்கள். அது உள்ளிருந்து அழுத்தி வாயைத் திறக்க வைக்கும். பெயரைக் கேட்டதும் அவர் பயந்து "வேண்டாம், ஊசியே போடுங்க" என்று ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினார். போடும்போது சங்கடம், அப்புறம் தொடையில் ஒட்டிய குழாயோடு நடமாடலாம். மூன்று, நாலு செண்டிமீட்டர் திறந்ததும் தானாக விழுந்துவிடும். அவருக்கு பாத்ரூமில் விழுந்தது, குழந்தைதான் விழுந்துவிட்டதோ என்று கத்திவிட்டார். இதை முன்கூட்டி ஒருவர் சொல்லியிருக்கலாம். அவருக்கு முதல் பிரசவம் சிசேரியன், அதனால்தான் பலூன். பழைய தழும்பு உள்ளவர்களுக்கு மிசோப்ரோஸ்டால் மாத்திரை ஆகாது, கர்ப்பப்பை கிழியும் அபாயம் உண்டு. சிசேரியன் மட்டுமில்லை, கர்ப்பப்பைக் கட்டி எடுத்திருந்தாலும் சொல்லிவிட வேண்டும். ஆஸ்துமாவையும் சொல்ல வேண்டும், ஜெல்லைத் தீர்மானிக்கும்போது அதுவும் கணக்கில் வரும். மாமியாருக்குத் தெரியக்கூடாது என்று பழைய ஆபரேஷனை மறைக்கிற பெண்கள் உண்டு. டாக்டரிடம் தனியாகச் சொல்லலாமே.

மாத்திரை பற்றிப் பேசினால் ஒரு பயம் எனக்கு. வலி வரவைக்கக் கொடுக்கும் மிசோப்ரோஸ்டாலின் அளவு 25 மைக்ரோகிராம். கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 200 மைக்ரோகிராம், அதாவது எட்டு மடங்கு. "தெரிஞ்ச மெடிக்கல்தான்" என்று வாங்கி வீட்டில் போடுவது விளையாட்டு இல்லை. வீட்டுக்கு ஆளை வரவழைத்து வலி ஊசி போட்டுக்கொள்வதும் அப்படியே. ஆக்சிடோசின் என்ற அந்த வலி மருந்தை ட்ரிப்ஸில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவதே, வலி மிஞ்சினால் உடனே நிறுத்த முடியும் என்பதற்காகத்தான். இடுப்பில் குத்திவிட்டால் திரும்ப எடுக்க வழியில்லை.

இதோடு சேர்ந்தது, கூட இருப்பவர் ட்ரிப்ஸ் சக்கரத்தைத் திருகுவது. சிரிக்காதீர்கள், எங்கள் வார்டிலேயே நடந்தது. "சொட்டு சொட்டாப் போகுதே, எப்ப முடியறது?" என்று பக்கத்துக் கட்டில் பாட்டி நல்லெண்ணத்தில் திருகிவிட்டார். அந்தப் பெண்ணுக்கு வலிக்கு நடுவே மூச்சு விட இடைவெளியே இல்லாமல் போயிற்று, நர்ஸ் ஓடிவந்து நிறுத்தினார். பத்து நிமிடத்தில் ஐந்துக்கு மேல் வலி வந்தால் அது அதிகம், குழந்தைக்குப் போகும் ரத்தம் குறையும். யாரும் திருகாவிட்டாலும் அப்படி வந்தால் பொறுத்துக்கொண்டு படுத்திருக்காமல் கூப்பிடுங்கள்.

விளக்கெண்ணெய்க்கு வருவோம். திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை கோயிலில் மந்திரித்த விளக்கெண்ணெய் தருவார்கள், சுகப்பிரசவத்துக்கு வயிற்றில் தடவ. நானும் தடவினேன், மனசுக்குத் தெம்பாக இருந்தது. கவனியுங்கள்: தடவத்தான். அதைக் குடித்தால் வலி வரும் என்று யாரோ சொல்லி, நாத்தனார் கடை எண்ணெயை அரை டம்ளர் குடித்தார். வலி வரவில்லை, பேதி வந்தது. ராத்திரி முழுக்க வாந்தியும் பேதியுமாய் நீர் வற்றிப்போய், மறுநாள் ஆஸ்பத்திரியில் முதலில் ஏறியது குளுக்கோஸ். அன்னாசிக்கும் பப்பாளிக்கும் நான் சண்டை போட மாட்டேன். விளக்கெண்ணெய்க்குப் போடுவேன்.

தேதி விஷயத்தில் டெல்டா வீடுகளுக்கே உரிய தவறு ஒன்று உண்டு. கல்யாணமாகி திருப்பூரிலோ சென்னையிலோ இருப்போம், ஆரம்ப ஸ்கேன் எல்லாம் அங்கே. வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்கு வரும்போது புடவை, வளையல் எல்லாம் வரும், முதல் ஸ்கேன் ரிப்போர்ட் மட்டும் அங்கேயே பீரோவில் கிடக்கும். முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன்தான் தேதியைச் சரியாகச் சொல்லும். எட்டாம் மாதம் எடுத்ததை வைத்துக் கணக்குப் போட்டால் இரண்டு மூன்று வாரம்கூட முன்னே பின்னே போகலாம். தேதி தாண்டிவிட்டது என்று ஜெல் வைப்பதா, இன்னும் காத்திருக்கலாமா என்பதே அந்தத் தாளில் இருக்கிறது. குறைந்தது போட்டோ எடுத்து போனிலாவது வையுங்கள்.

நல்ல நேரம் பார்த்து ஜெல் வைக்கச் சொல்வது இன்னொன்று. அஷ்டமி வேண்டாம், இந்த நட்சத்திரம் தாய்மாமனுக்கு ஆகாது என்று. ஜெல் வைக்கும் நேரத்தை நீங்கள் குறிக்கலாம், குழந்தை வரும் நேரத்தை அது குறித்துக்கொள்ளும். ரத்த அழுத்தம் ஏறியிருப்பவரை ஜோசியர் வார்த்தைக்காக இரண்டு நாள் தள்ளிப்போட்டால் வலிப்பு வரைக்கும் போகலாம்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. "ஜெல் வச்சாலே கடைசியில சிசேரியன்தான்" என்று பயந்து, வைக்கச் சொன்ன பிறகும் வீட்டில் உட்கார்ந்திருப்பது. 2018-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், சிக்கல் ஏதும் இல்லாத, முதல் பிரசவப் பெண்கள் சுமார் 6,100 பேரைப் பார்த்தார்கள். 39 வாரத்தில் வலி வரவழைத்தவர்களில் 18.6 சதவீதத்தினருக்கும், காத்திருந்தவர்களில் 22.2 சதவீதத்தினருக்கும் சிசேரியன். நம் ஊர் வார்டும் அந்த ஊர் வார்டும் ஒன்றல்ல, அதற்காக எல்லோரும் 39-இல் போய் நிற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஜெல்தான் சிசேரியனுக்குக் காரணம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது, அவ்வளவுதான். 41 வாரம் முடிந்தால் வலி வரவழைக்க உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது. பனிக்குடம் உடைந்து வலி வராதது, உள்ளங்கை உள்ளங்காலில் தாங்க முடியாத அரிப்பு, சர்க்கரை, குழந்தை வளராமல் நிற்பது இவற்றுக்கெல்லாம் தேதி வரைகூடக் காத்திருக்க மாட்டார்கள். குழந்தையின் அசைவு குறைந்தால் மறுநாள் காலைவரை பார்ப்பது கிடையாது, அப்போதே 108.

கூட யாரை அனுப்புவது என்பதிலும் கோட்டை விடுகிறோம். அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறையில் ஒரு பெண் துணையாக இருக்கலாம். அதிகம் அழுகிற ஆள்தான் பாசமான ஆள் என்று அவரை அனுப்பிவிடுகிறோம். என்னோடு உள்ளே வந்தது அம்மா இல்லை, சித்தி. அவர் பேசியதே கொஞ்சம், முதுகை நீவிக்கொண்டே இருந்தார்.

அப்புறம் "பெயில் ஆயிடுச்சு" என்ற சொல். பனிக்குடத்தை உடைத்து ஆக்சிடோசின் போட்டபின் தாயும் குழந்தையும் நன்றாக இருந்தால் 12 முதல் 18 மணி நேரமாவது பார்த்துவிட்டுத்தான் பலிக்கவில்லை என்று முடிவு செய்ய வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். நாலு மணி நேரத்தில் "ஆபரேஷன் பண்ணிடுங்க டாக்டர்" என்று கையெழுத்தோடு நிற்பது பல சமயம் நாம்தான். எல்லாம் பார்த்தும் பலிக்காவிட்டால் சிசேரியன் நடக்கும். அந்தப் பெண்ணிடம் போய் "நீ இன்னும் கொஞ்சம் முக்கியிருக்கலாம்" என்று சொல்லாதீர்கள், அவள் முக்கும் கட்டத்துக்கே வந்திருக்க மாட்டாள்.

குழந்தை வந்ததும் எல்லோரும் குழந்தை பக்கம் திரும்பிவிடுவார்கள். ட்ரிப்ஸோடு நீண்ட நேரம் உழைத்த கர்ப்பப்பை சோர்ந்து போய் சுருங்காமல் இருக்கலாம், அப்போது உதிரப்போக்கு அதிகமாகும். ஒரு மணி நேரத்துக்குள் பேட் முழுக்க நனைந்தாலோ, கட்டிகட்டியாகப் போனாலோ, தலை சுற்றினாலோ நர்ஸைக் கூப்பிட வேண்டும். எனக்கு அப்படி ஆனபோது அம்மா வெளியே யாருக்கு மூக்கு, யாருக்குக் காது என்று பார்த்துக்கொண்டிருந்தார். சித்திதான் போர்வையைத் தூக்கிப் பார்த்தார்.