ஓடைப் பூச்சிகளை உருக்குலையாமல் சேகரிக்கும் முறை

ஓடை நீரைப் பரிசோதித்தால் அன்றைய நிலைதான் தெரியும். கல்லடியில் வாழும் பூச்சிகளோ கடந்த பல மாதங்களின் நிலையைக் காட்டிக்கொடுக்கும். வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கிடையே எஞ்சியிருக்கும் மழைக்காட்டு ஓடைகளில் நான் பின்பற்றும் முறை இது.

புலிகள் காப்பகத்துக்குள் வனத்துறையிடமும், தோட்டத்துக்குள் அதன் நிர்வாகத்திடமும் எழுத்துமூலம் அனுமதி பெறுங்கள். தென்மேற்குப் பருவமழையின் வெள்ளம் பூச்சிகளை அடித்துச் சென்றுவிடும் என்பதால், ஜனவரி முதல் மார்ச் வரையே ஏற்ற காலம். ஓடைக்கரை யானைகள் ஒதுங்கும் இடம் என்பதால் தனியாகப் போகாதீர்கள்.

வலையின் கண்ணி 0.5 மி.மீ. இருக்கட்டும். கொசுவலையைத் தைத்துச் சமாளிக்கலாம் என்பார்கள். சிறிய இளவுயிரிகள் அதில் நழுவிவிடும். வட்டச் சட்டத்தைவிட, அடிப்பக்கம் தட்டையான சட்டமே தரையோடு படிந்து நிற்கும்.

கீழ்ப்பகுதியில் தொடங்கி மேல்நோக்கி நகருங்கள். வலையின் வாய் நீர் வரும் திசையைப் பார்த்திருக்க, அதற்கு முன்னால் நின்று ஒரு நிமிடம் காலால் கற்களைக் கிளறுங்கள். பெரிய கற்களைக் கையால் தேய்த்துவிடுங்கள். செப்புக்காசு போல அடியில் ஒட்டியிருக்கும் வண்டின் இளவுயிரியை நகத்தால் நெம்பித்தான் எடுக்க வேண்டும். எல்லா இடத்திலும் அதே ஒரு நிமிடம். இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது.

வலையில் சேர்ந்ததை வெள்ளைத் தட்டில் கொட்டிச் சற்றுப் பொறுத்தால் அசைவு தெரியும். மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை என்ற இருவகைப் பூச்சிகளின் இளவுயிரிகளைப் பிரித்தறிய, வாலை மட்டும் எண்ணி முடிவு செய்யாதீர்கள்: மேஃப்ளைக்குப் பெரும்பாலும் மூன்று வால் என்றாலும் இரு வால் இனங்களும் உண்டு, ஸ்டோன்ஃப்ளைக்கு இரண்டே. வயிற்றின் இருபுறமும் செவுள் வரிசை இருந்தால் அது மேஃப்ளை. கால் நுனியில் மேஃப்ளைக்கு ஒரு நகம், ஸ்டோன்ஃப்ளைக்கு இரண்டு.

நான் சறுக்கியது அடுத்த படியில், பூச்சிகளை எத்தனாலில் (ஆல்கஹாலில்) பாதுகாப்பதில். 70 விழுக்காடு எத்தனாலில், இலைச் சருகோடு சேர்த்து, புட்டி நிறையப் பூச்சிகளை அடைத்தேன். சருகிலும் உடலிலும் இருந்த நீர் கலந்து எத்தனால் நீர்த்துப்போனதால், இரண்டு வாரம் கழித்துத் திறந்தபோது செவுளும் வாலும் உதிர்ந்து அடியில் கிடந்தன. எது எந்தப் பூச்சி என்றே சொல்ல முடியவில்லை. இப்போது நீரை நன்றாக வடித்து, புட்டியில் பாதிக்கு மேல் பூச்சி போகாமல், 95 விழுக்காடு எத்தனால் ஊற்றுகிறேன். மறுநாளே அதைக் கொட்டிவிட்டு 80 விழுக்காட்டுக்கு மாற்றுகிறேன்.

பின்சேர்க்கை: பேனாவால் எழுதிய சீட்டு எத்தனாலில் அழிந்துவிட்டதாக வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். இடம், தேதி இரண்டையும் கெட்டித்தாளில் பென்சிலால் எழுதிப் புட்டிக்குள்ளேயே போடுங்கள். வெளியே ஒட்டும் சீட்டை நம்பாதீர்கள்.