கலப்பு பின்னத்தைத் தகா பின்னமாக மாற்றுவது எப்படி?

முழு எண்ணும் பின்னமும் சேர்ந்த 3 2/5 என்ற கலப்பு பின்னத்தை எடுத்துக்கொள்வோம். இதை மேல் எண் கீழ் எண்ணைவிடச் சிறியதாக இல்லாத ஒரே பின்னமாக, அதாவது தகா பின்னமாக, எழுத வேண்டும். முழு எண் 3-ஐப் பகுதி (கீழ் எண்) 5-ஆல் பெருக்கினால் 15. அதோடு தொகுதி (மேல் எண்) 2-ஐக் கூட்டினால் 17. பகுதி மாறாது, விடை 17/5.

ஏன் பெருக்க வேண்டும்? ஒரு முழுமையை ஐந்தாகப் பிரித்தால் 5 பங்கு. 3 முழுமைக்கு 15 பங்கு. மிச்சமுள்ள 2 பங்கும் சேர்ந்தால் 17. இது புரிந்தவர்கள் பகுதியையும் பெருக்கி 17/15 என்று எழுத மாட்டார்கள். அது ஒன்றைவிடச் சற்றே பெரியது. நமக்கு வேண்டிய விடையோ 3-க்கும் 4-க்கும் இடையில் இருந்தாக வேண்டும்.

குறை எண்ணில்தான் பலரும் சறுக்குவார்கள். −2 1/4 என்றால் −8-உடன் 1-ஐக் கூட்டி −7/4 என்று எழுதிவிடுவார்கள். கழித்தல் குறி முழு எண்ணுக்கு மட்டுமல்ல, பின்னத்துக்கும் சேர்த்துத்தான். குறியை ஒதுக்கிவைத்து 9/4 கண்டுபிடித்து, கடைசியில் போடுங்கள்: −9/4.

சரிபார்க்க, 17-ஐ 5-ஆல் வகுங்கள்: ஈவு 3, மீதி 2, அதாவது மீண்டும் 3 2/5.