விடிய விடிய இழுக்காமல் ஊர்க் கபடிப் போட்டி நடத்துவது எப்படி

நெல்லைச் சீமையில் கோயில் கொடைக்கும் பொங்கலுக்கும் கபடி போடாத ஊர் குறைவு. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்த மணத்தி கணேசன் இந்தப் பக்கத்துக்காரர். அப்படிப்பட்ட சீமையில் இன்று இறுதிப் போட்டி தொடங்கும்போது அதிகாலை மூன்று மணி ஆகிவிடுகிறது. கூட்டம் எப்போதோ வீட்டுக்குப் போயிருக்கும். நாலு ஆட்டம் ஆடிக் களைத்த பையன்கள் முட்டியைப் பிடித்துக்கொண்டு எதிரணிப் பக்கம் பாடிப் போகிறார்கள். போதாததற்கு அழிந்துபோன கோட்டுக்காக அரை மணி நேரச் சண்டை. நல்ல ஆட்டக்காரர்கள் இருந்தும் ஆட்டம் இப்படிச் சீரழிவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. இதில் பெரும்பாலானவை முன்கூட்டியே தடுக்கக்கூடியவை.

முதலில் கணக்கு. நோட்டீஸ் அடிக்கும் முன்பே இதைப் போட்டுவிட வேண்டும். 15 நிமிடம், 5 நிமிட இடைவேளை, மறுபடி 15 நிமிடம், அணி மாற 5 நிமிடம் என்றால் ஒரு ஆட்டத்துக்கு 40 நிமிடம். தோற்றால் வெளியே என்ற முறையில் 32 அணி வந்தால் 31 ஆட்டம். இறுதியை மட்டும் 20-5-20 என்று வைத்தால் ஒரே களத்தில் 20 மணி 50 நிமிடம் வேண்டும். மதியம் மூன்றுக்குத் தொடங்கினால் மறுநாள் மதியம் பன்னிரண்டைத் தொட்டுவிடும். நுழைவுக் கட்டணத்துக்கு ஆசைப்பட்டு வருகிற அணியை எல்லாம் சேர்ப்பதுதான் முதல் தப்பு.

16 அணியோடு நிறுத்துங்கள், களம் இரண்டு போடுங்கள். முதல் சுற்று 8 ஆட்டமும் இரண்டு களத்தில் 2 மணி 40 நிமிடத்தில் முடியும். காலிறுதிக்கு 1 மணி 20 நிமிடம். அரையிறுதி இரண்டையும் பெரிய களத்தில் அடுத்தடுத்து வைத்தால் இன்னொரு 1 மணி 20 நிமிடம். இறுதிக்கு முன் 20 நிமிடம் ஓய்வு. பொன்னாடை, பேச்சு எல்லாம் அந்த 20 நிமிடத்துக்குள் முடிய வேண்டும், ஆட்டத்துக்கு நடுவில் மைக்கைப் பிடிக்க யாரையும் விடக் கூடாது. மூன்று மணிக்குத் தொடங்கினால் ஒன்பதரைக்குக் கோப்பை கொடுத்துவிடலாம். பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி வைக்கத் தடை இருப்பதால் காவல் நிலையத்தில் அனுமதி கேட்கும்போதும் இந்த நேரப் பட்டியல் கைகொடுக்கும்.

அடுத்தது மண். மூன்று வாரத்துக்கு முன்பே வேலையைத் தொடங்குங்கள். 15 செ.மீ. ஆழம் உழுது, கட்டி உடைத்து, சல்லடையில் சலிக்க வேண்டும். பாட்டில் சில்லு, சீமைக்கருவேல முள், ஆணி ஒன்றுகூட மிஞ்சக் கூடாது, ஆடுகிறவர்களில் பாதிப் பேர் வெறுங்காலோடு இறங்குவார்கள். மானூர், சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் ஈரத்தில் காலோடு ஒட்டும், காய்ந்தால் வெடிக்கும். அங்கே மேல்மண்ணை வழித்துவிட்டு, செம்மண் இரண்டு பங்கும் மணல் ஒரு பங்கும் கலந்து 10 செ.மீ. கனத்துக்குப் போடுங்கள். களத்தைச் சுற்றி ஒரு மீட்டர் சேர்த்து 15-க்கு 12 மீட்டர் என்றால் 18 கன மீட்டர், அதாவது ஆறரை யூனிட் மண் பிடிக்கும். திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மணலில் கால் புதையும். அதற்குச் சரிபாதி வண்டல் கலந்தால்தான் பிடிப்பு வரும். எந்த மண்ணானாலும் பத்தில் ஒரு பங்கு மரத்தூளோ மக்கிய தொழுவுரமோ சேர்த்தால் விழுகிறவனுக்கு மெத்தென்றிருக்கும்.

முந்தின நாள் சாயங்காலம் தண்ணீர் தெளியுங்கள். காலையில் ஒரு பிடி மண்ணை எடுத்து அமுக்கினால் கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். உதிராவிட்டால் ஈரம் அதிகம், கணுக்கால் வழுக்கிப் பிசகும். பிடியே நிற்காவிட்டால் புழுதி கிளம்பும். ஆடிக் காற்றில் பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் மணிக்கொரு முறை தெளித்தாலும் போதாது, இடைவேளை தோறும் தெளிக்க வேண்டும். ரோலரை லேசாக ஓட்டினால் போதும். குதிகாலை ஊன்றித் திருப்பினால் ஒரு விரற்கடை பதிய வேண்டும், பதியாத தரையில் மல்லாக்க விழுந்தால் தோள்பட்டை போய்விடும்.

கோடு போடுவதில்தான் பாதிச் சண்டையின் வேர் இருக்கிறது. ஆண்கள் களம் 13-க்கு 10 மீட்டர். நூல் கட்டியதும் மூலைக்கு மூலை அளந்து பாருங்கள்: இரண்டு பக்கமும் 16.40 மீட்டர் வந்தால்தான் களம் சதுரித்து நிற்கிறது என்று அர்த்தம். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாக் லைன் (பாடிப் போகிறவர் தாண்ட வேண்டிய கோடு), 4.75-இல் போனஸ் லைன் (தாண்டினால் கூடுதல் புள்ளி), 6.5-இல் கடைக்கோடு. அந்த 10 மீட்டருக்குள்ளேயே இரு பக்கமும் ஒரு மீட்டர் லாபி என்ற ஓரப் பட்டை. பெண்களுக்குக் களம் 12-க்கு 8, பாக் லைன் 3 மீட்டரில்.

சுண்ணாம்பு வேண்டாம். வியர்வையோடு சேர்ந்து தோலைப் பொசுக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து. வெள்ளைக் கோலமாவு வாங்குங்கள், ஒரு களத்துக்கு முதல் தடவை ஒரு 25 கிலோ மூட்டை ஆகும். இரண்டு ரீப்பரை (நீள மரச்சட்டம்) 5 செ.மீ. இடைவெளி விட்டுப் படுக்க வைத்து நடுவே தூவினால் கோடு ஒரே அகலத்தில் விழும். மண் களத்தில் பத்து ரைடுக்குள் (ஒருவர் பாடிப் போய் வருவது ஒரு ரைடு) பாக் லைன் மங்கிவிடும். அதனால் அதன் இரு நுனிக்கும் நேராக, களத்துக்கு வெளியே மூன்று மீட்டர் தள்ளி மரமுளையைத் தரை மட்டத்துக்கு அடித்து வையுங்கள். இடைவேளையில் நூலைப் பிடித்து இரண்டே நிமிடத்தில் மறுபடி போட்டுவிடலாம். போனஸ் லைனுக்கும் இப்படியே. களத்துக்குள் ஆணியோ கயிறோ கூடவே கூடாது.

2014-இல் புரோ கபடி வந்தபின் டிவியில் பார்த்த விதியை எல்லாரும் பேசுகிறார்கள். தப்பில்லை, ஆனால் எது உண்டு, எது இல்லை என்பதை நோட்டீஸிலேயே அச்சடித்துவிடுங்கள். ரைடு 30 விநாடி. எதிரில் ஆறு பேரோ அதற்கு மேலோ இருந்தால்தான் போனஸ், அதுவும் பின்கால் தரையை விட்டு எழும்பியிருக்க வேண்டும். தொடுகை நடக்கும் முன் லாபியில் கால் வைத்தவர் அவுட். மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நின்று பிடித்தால் சூப்பர் டேக்கிள், ஒரு புள்ளி கூடுதல். புள்ளியே இல்லாத இரண்டு வெற்று ரைடுக்குப் பிறகு மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும். சமன் ஆனால் அணிக்கு ஐந்து ரைடு.

நடுவர்களை மாவட்டக் கபடிக் கழகம் வழியாக வரவழையுங்கள். ஒரு களத்துக்கு ரெஃப்ரி ஒருவர், அம்பயர் இருவர், கோடு பார்க்க இருவர், ஸ்கோர் எழுத ஒருவர் என ஆறு பேர். உள்ளூர்க்காரரை விசிலோடு நிறுத்தினால், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், தோற்ற அணி நம்பாது.

ஆட்டக்காரர் எடைக்கு வரம்பு வைக்கும் எடைப் போட்டி என்றால் தராசை முதலில் சோதியுங்கள். முத்திரை குத்திய 20 கிலோ படிக்கல் மூன்றை ஏற்றி 60 காட்டுகிறதா என்று எல்லோர் முன்னிலையிலும் பார்த்துவிட்டு, காலை எட்டு முதல் பத்துக்குள் எடை எடுத்து முடிக்க வேண்டும். எடை போட்டவர் மணிக்கட்டில் அழியாத மையால் எண் எழுதுங்கள், ஆள்மாறாட்டம் நடக்காது. இறக்குமதி ஆட்டக்காரர்களைப் பற்றி எல்லா ஊரிலும் புலம்பல் இருக்கிறது. ஆதார் முகவரி பார்த்து அணிக்கு இரண்டு வெளியூர்க்காரர் மட்டும் என்று வைத்தால் உள்ளூர்ப் பையன் பெஞ்சிலேயே உட்கார்ந்து வயதாக மாட்டான்.

களம் இறங்கும் முன் ரெஃப்ரி ஒரு துண்டால் ஆட்டக்காரர் கை, தொடையைத் துடைத்துப் பார்க்கட்டும். எண்ணெய் தடவியிருந்தால் பிடி நழுவும், அது விதிக்கும் புறம்பு. நகம் வெட்டியிருக்க வேண்டும், மோதிரம் கழற்ற வேண்டும். பனியனில் சாதிப் பெயர், கையில் நிறக்கயிறு, களத்தோரம் சாதிக்கொடி எதற்கும் இடம் கொடுக்காதீர்கள். இதில் ஒரு அணிக்கு விட்டுக்கொடுத்தால் அந்த ஊரில் அடுத்த வருடம் போட்டி நடக்காது.

களத்தோரம் ஐஸ் பெட்டி, கட்டுத் துணி, அடிபட்ட காலை அசையாமல் கட்ட மட்டை, ஸ்ட்ரெச்சர் தயாராக இருக்கட்டும். முட்டியில் ‘டக்’ என்று சத்தம் கேட்டுவிட்டதாக ஒருவன் சொன்னால் எழுப்பி நடக்க வைக்காதீர்கள், எண்ணெய் போட்டு உருவாதீர்கள். மட்டை கட்டி, துணியில் சுற்றிய ஐஸ் வைத்து, எலும்பு டாக்டரிடம் அனுப்புங்கள். கழுத்தில் அடி என்றால் அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

போட்டி முடிந்ததும் களத்தைக் கொத்திப் போட்டுவிடாதீர்கள். வாரம் இரண்டு தடவை தண்ணீர் தெளித்து, ஆடு மாடு ஏறாமல் நாலு பக்கமும் கயிறு கட்டினால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அடுத்த கொடை வரைக்கும் அதிலேயே பழகலாம்.