டிக் டிரேசி ஓவியத்தைக் கலாய்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கச் செய்தித்தாள்களில் வந்த துப்பறியும் காமிக்ஸ்களில் கலாய்க்க நிறைய இடம் கொடுப்பது டிக் டிரேசிதான். கூரான மூக்கு, சதுரத் தாடை, மஞ்சள் கோட்டு, எப்போது பார்த்தாலும் பக்கவாட்டிலேயே திரும்பி நிற்கும் முகம் என்று பார்த்ததும் சிரிப்பு வரும், தாராளமாகச் சிரிக்கலாம். ஆனால் பலரும் தப்பான இடத்தில் கை வைக்கிறார்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

விநோதமாகத் தெரிவதையெல்லாம் "இவருக்கு வரையத் தெரியவில்லை" என்று சொல்லிவிடுவதுதான் இதில் பெரிய தவறு. 1931 அக்டோபரில் தொடரை ஆரம்பித்த செஸ்டர் கூல்டு, குற்றம் அசிங்கமானது, அதனால் குற்றவாளியின் முகமும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தவர். பிளாட்டாப் என்கிற கூலிக் கொலைகாரனைக் கவனித்துப் பாருங்கள். மண்டையின் உச்சியில் வளைவே கிடையாது, ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி ஒரே கோடு, அதற்குக் கீழே பாதி மூடிய இமைகள், சின்னதாகக் குவிந்த வாய். வரையத் தெரியாதவர் நாளுக்கு நாள் அதே மண்டையை அப்படியே திரும்ப வரைய முடியாது. அவலட்சணமான முகம் என்றால் கெட்டவன்தான் என்று காட்டுவது சரியா என்று கேளுங்கள், அது நியாயமான கேள்வி, நானும் கேட்பேன். அதை விட்டுவிட்டு "தலை தட்டையாக இருக்கிறது, ஹாஹா" என்றால் அவர் வேண்டுமென்றே செய்ததைக் கண்டுபிடித்ததாகத்தான் ஆகும்.

அம்புக்குறி விஷயம் வேறு. 1946-ல் டிரேசியின் மணிக்கட்டுக்கு இருவழி ரேடியோ வந்தது, அப்புறம் அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு அம்புக்குறி, கூடவே அது என்ன என்று ஒரு பெயர்ப்பலகை. மட்டமான தாளில் சின்னக் கட்டத்துக்குள் அவ்வளவு சிறிய பொருள் வெறும் மைத்திட்டாகத் தெரியும், அதனால் ஆரம்பத்தில் அது உதவியிருக்கும். ஆனால் வாசகர்கள் மனப்பாடம் செய்துவிட்ட பிறகும் விடாமல் எழுதிக்கொண்டிருந்தால் கலாய்க்கத்தான் வேண்டும்!

அடுத்து, ஆள் மாற்றித் திட்டுவது. இது ரொம்ப நடக்கிறது. கூல்டு 1977 கடைசியில் ஓய்வு பெற்றுவிட்டார். அதன்பின் மேக்ஸ் ஆலன் காலின்ஸ் கதை எழுத, ரிக் பிளெட்சர் வரைந்தார். பிளெட்சர் 1983-ல் இறந்ததும் டிக் லோச்சர் வந்தார், 2011-ல் ஜோ ஸ்டேட்டன். ஒவ்வொருவர் கோடும் ஒவ்வொரு மாதிரி, ஆனால் எதை எடுத்துப் போட்டாலும் "கூல்டு கிறுக்கியது" என்கிறார்கள். கட்டத்தின் ஓரத்தில் கையெழுத்து இருக்கும், அதைப் பாருங்கள். 1960-களில் கதை நிலாவுக்குப் போனதையும் ஓவியத்தின் தலையில் கட்டாதீர்கள், அது கதையின் கோளாறு.

லோச்சர் 1929-ல் பிறந்தவர், 2000-களில் எழுபதைத் தாண்டியும் தினமும் வரைந்துகொண்டிருந்தார். அந்தக் கட்டங்களில் கை ஒரு கோணம், தோள் ஒரு கோணம் என்று இருந்தால் அதைச் சொல்லிச் சிரியுங்கள். "கிழவனுக்குக் கை நடுங்குது" என்று எழுதுவது மட்டும் வேண்டாம், அசிங்கம்.

தினசரிக் கட்டங்களைக் கறுப்பு வெள்ளையில்தான் வரைந்தார்கள், வண்ணம் பிறகு வேறு யாராவது பூசியிருப்பார்கள். அதனால் ஊதா முகத்துக்கு ஓவியரைப் பிடிக்காதீர்கள். மங்கலான ஸ்கேனை வைத்து விரல் எண்ணுவதும் வேண்டாம். மூன்று நான்கு கட்டங்களில் ஒன்றை மட்டும் வெட்டிப் போட்டுவிட்டு "இவன் ஏன் அந்தரத்தில் தொங்குகிறான்" என்று கேட்பவர்களும் உண்டு. முந்தைய கட்டத்தில் அவனை யாரோ ஜன்னல் வழியாகத் தள்ளியிருப்பார்கள், முழுசாகப் போடுங்கள்.