ஃபாதருக்குக் கிறிஸ்துமஸ் பரிசு: நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

டிசம்பர் மூன்றாம் வாரம் வந்துவிட்டால், கத்தோலிக்கக் குருவான நம் ஃபாதர் தங்கும் குருமனைச் சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடம் இருக்காது. புரூட் கேக், முறுக்கு டப்பா, ரிப்பன் கட்டிய ஹேம்பர், பிரிக்காத அங்பாவ் பண உறை என்று குவிந்து கிடக்கும். மலேசியாவில் பாகான் செராய், தெலுக் இந்தான், குளுவாங் என்று எந்தப் பக்கம் போனாலும் தோட்டப்புறக் கோயில்களில் இதே கதைதான். எல்லாரும் அன்பாகத்தான் கொடுக்கிறோம். ஆனால் கொடுத்ததில் பல பொருள் ஃபாதருக்குப் பயன்படுவதே இல்லை.

பெரிய தவறு கவரில்தான் நடக்கிறது. பணத்தை வைத்து, மேலே ‘மெர்ரி கிறிஸ்துமஸ்’ என்று மட்டும் எழுதி நீட்டுகிறோம். ஃபாதர் ஒரு நல்ல சட்டை எடுத்துக்கொள்ளட்டும் என்பது நம் மனதில் இருக்கிறது, கவரில் இல்லை. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1267-ஆம் எண்ணைப் பாருங்கள். பங்கை, அதாவது ஒரு கோயிலைச் சேர்ந்த இறைமக்கள் சமூகத்தை, நிர்வகிப்பவர் கையில் கொடுக்கும் காணிக்கை, வேறு நோக்கம் தெரியாதவரை, பங்குக்கே கொடுத்ததாகக் கொள்ளப்படும். ஒழுங்காக நடக்கும் ஃபாதர் அதைக் கோயில் கணக்கில் போட்டுவிடுவார். அப்புறம் ஜனவரியிலும் அதே நைந்த காலர்தான். கோயில் வாசலில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து அனுப்பும் பணமும் அப்படியே, அது பங்கின் கணக்கு.

இன்னும் சிலர் அதே கவருக்குள் இறந்துபோன அப்பாவின் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதி வைத்துவிடுவார்கள். அது பரிசு இல்லை, பூசைக் கருத்து, அதாவது இன்னாருக்காகப் பூசை வையுங்கள் என்ற வேண்டுதல். வாங்கிக்கொண்டால் அந்தக் கருத்துக்கென்று தனியாக ஒரு பூசை வைக்கும் கடமை ஃபாதருக்கு வந்துவிடும். ஒரே நாளில் மூன்று பூசை வைத்தாலும் ஒன்றுக்கான காணிக்கையைத்தான் குரு தனக்கென வைத்துக்கொள்ளலாம். மற்றவை ஆயர் குறிப்பிடும் காரியத்துக்குப் போக வேண்டும். கிறிஸ்துமஸ் நாள் மட்டும் இதற்கு விதிவிலக்கு என்று அதே சட்டத் தொகுப்பின் 951-ஆம் எண் சொல்கிறது. நம்மில் பலருக்கு இது தெரியாது. ஆகவே கருத்தைப் பங்கு அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். பரிசுக் கவரில் ‘ஃபாதரின் சொந்தச் செலவுக்கு’ என்று பளிச்சென்று எழுதுங்கள். அவர் தமிழ் படிக்காதவர் என்றால் மலாயில் எழுதினால் போச்சு.

உங்கள் ஃபாதர் ஆயருக்குக் கீழ் உள்ள மறைமாவட்டக் குருவா, துறவற சபைக் குருவா என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. மறைமாவட்டக் குருக்கள், சொந்தமாக எதுவும் வைத்துக்கொள்வதில்லை என்ற ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுப்பதில்லை. சட்டை, செருப்பு எல்லாம் தங்கள் பணத்தில்தான் வாங்குவார்கள். கப்புச்சின், இயேசு சபை போன்றவற்றைச் சேர்ந்தவர் என்றால் கையில் கொடுக்கும் பணம் பொதுவாகச் சபைக்கே போய்ச் சேரும். அவருக்குப் பொருளாகவோ ஒரு வேளைச் சாப்பாடாகவோ கொடுப்பதுதான் வசதி.

அடுத்தது இனிப்பு. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. குருப்பட்டம் வாங்கியவரைச் சர்க்கரை விட்டுவிடாது. ஃபாதர் மாத்திரை எடுப்பவரா என்று குருமனையில் சமைக்கும் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். ஹேம்பர் வாங்குகிறவர்கள் கூடையின் அடியைத் தடவிப் பாருங்கள். பாதி உயரத்துக்குக் காகிதச் சுருளை அடைத்து, மேலே நாலு டின்னை நிறுத்தியிருப்பார்கள். காலாவதித் தேதி பின்பக்கம் திரும்பி நிற்கும். தனியாக இருக்கும் ஒரு மனிதர் ஆறு பாட்டில் சிரப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? வீட்டில் போட்ட எலுமிச்சை ஊறுகாய் ஒரு பாட்டில் கொடுத்தால் மார்ச் வரை வரும்.

வைன் பாட்டிலைப் ‘பூசைக்கு ஆகட்டும்’ என்று கொடுப்பதும் நடக்கிறது. பூசைக்கு வேண்டியது கலப்பில்லாத, கெடாத திராட்சை இரசம். பேரங்காடி பாட்டிலில் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று ஃபாதருக்கு எப்படித் தெரியும்? அவர் குடிப்பதற்கே என்றால், குடிப்பவரா என்று தெரிந்துகொண்டு, வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள். சம்சு என்ற மலிவுச் சாராயத்தால் சீரழிந்த குடும்பங்கள் நம் தோட்டங்களில் கொஞ்சமா? கோயில் வளாகத்தில் எல்லார் கண்ணெதிரே பாட்டிலை நீட்டி அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

நடுச்சாமப் பூசை முடிந்து வாசலில் நின்று கைகொடுக்கும் நேரத்தில் பரிசை நீட்டுவதும் சரியில்லை. விடிந்ததும் அவர் தோட்டத்துச் சிற்றாலயங்களுக்குக் கிளம்ப வேண்டும். அந்தக் கூட்டத்தில் யார் எதைக் கொடுத்தார்கள் என்று எப்படி நினைவில் வைப்பார்? மூன்று ராஜாக்கள் திருநாள் வாரத்தில் போய்க் கொடுங்கள். அதுவும் கிறிஸ்துமஸ் காலம்தான், அவருக்கும் உட்கார்ந்து பேச நேரம் இருக்கும்.

அன்பியத்தில், அதாவது பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் குழுவில், ‘குடும்பத்துக்கு ஐம்பது வெள்ளி’ (ரிங்கிட்) என்று நிர்ணயிப்பதை நான் ஒப்புக்கொள்வதே இல்லை. 2025-இல் உயர்த்திய பிறகும் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளிதான். பள்ளிக்கூடம் திறக்கும் செலவு முன்னால் நிற்கும்போது, பெயர்ப் பட்டியலுக்குப் பயந்து கடன் வாங்கிக் கொடுக்கும் பணத்தை எந்த ஃபாதரும் விரும்பமாட்டார். உறையை மூடி ஒரு பையில் போடச் சொல்லுங்கள், கணக்கு வேண்டாம். அதேபோல, மகள் கல்யாணத் தேதியை மனதில் வைத்துக்கொண்டு கனமான கவர் கொடுப்பவர்கள், திருத்தூதர் பணிகள் நூலின் 8-ஆம் அதிகாரத்தில் கடவுளின் கொடையை விலைக்கு வாங்கப் பேதுருவிடம் பணத்தோடு வந்த சீமோனுக்குக் கிடைத்த பதிலைப் படித்துவிட்டுக் கொடுக்கட்டும்.

சரி, என்னதான் கொடுப்பது? என்னைக் கேட்டால் பெட்ரோல். செம்பனைத் தோட்டச் செம்மண் பாதையில் சிற்றாலயம் சிற்றாலயமாக ஓடுபவருக்கு அதைவிட உதவி இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்த ஃபாதர் என்றால் மைகார்டு என்ற குடிமக்கள் அடையாள அட்டை இருக்காது. 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய புடி95 பெட்ரோல் விலைச் சலுகை குடிமக்களுக்குத்தான், அவர் முழு விலை கொடுத்து ஊற்றுகிறார். டச் அன் கோ அட்டையில் டோலுக்குப் பணம் ஏற்றிக் கொடுப்பதும் நல்லது. ஜெபமாலை, சிலுவை, சுரூபம் வேண்டாம். அவரிடம் ஓர் அலமாரி நிறைய இருக்கும்.

ஒன்று மட்டும் கவனம். ஃபாதர் படத்தோடு புது எண்ணிலிருந்து வாட்சாப் வந்து, ‘அவசரம், இந்தக் கணக்கில் போடுங்கள்’ என்று கேட்டால் அனுப்பாதீர்கள். பங்கு அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேளுங்கள். பணம் ஏற்கெனவே போய்விட்டது என்றால், தாமதிக்காமல் மோசடிப் புகார் எண் 997-க்கு அழையுங்கள்.